காலித் தொட்டியின் பூஜ்ஜியம்

பாப்பாவின் எடை குறைகிறது என்று எனக்குத் தெரியவந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. குளிப்பாட்டுவதற்கு முன், பால் கொடுப்பதற்கு முன், உடம்பில் ஒரு நூல் இல்லாமல் அவளைத் தொட்டியில் உட்கார வைத்து எடை பார்ப்பது என் வழக்கம். திங்கட்கிழமை ஆறு கிலோ தொள்ளாயிரத்து எண்பது. செவ்வாய்க்கிழமை ஆறு கிலோ எண்ணூற்று முப்பது. தூக்கிவிட்டு மறுபடி வைத்தேன். அதே எண்ணூற்று முப்பது. அவள் தொட்டியின் விளிம்பைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். எடை குறைந்த குழந்தை சிரிக்குமா என்று யோசித்தேன். சிரிக்கும் என்றே தோன்றியது. அவளுக்கு என்ன தெரியும்?

அப்போது அவளுக்கு ஒன்பதாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. நான் வேலைக்குத் திரும்பி இரண்டு மாதம் ஆகியிருந்தது. அதற்கு முந்தைய பரிசோதனையில் குழந்தை மருத்துவர் வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்துவிட்டு, பேனாவை எடுக்காமல் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஸ்லோவாத்தான் ஏறுதும்மா. இன்னும் ஒரு மாசம் பார்ப்போம். ஏறலைன்னா சில டெஸ்ட் எடுக்கலாம், ஃபீடிங் பத்தியும் பேசலாம்" என்றார். அவர் தெலுங்குக்காரர். எங்களோடு தமிழையும் ஆங்கிலத்தையும் கலந்து பேசுவார். ஃபீடிங் என்று அவர் சொன்னது என் காதில் வேலை என்றுதான் விழுந்தது. காலை எட்டரைக்குப் பிள்ளையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு மாலை ஆறுக்கு வந்து எடுக்கிறவளிடம் ஃபீடிங் பற்றி வேறு என்ன பேச முடியும்?

அன்றே எடைக்கருவி ஒன்று செய்ய ஆரம்பித்தேன்.

கடையில் வாங்கியிருக்கலாம். குழந்தைகளுக்கென்றே விற்கிறார்கள். ஆனால் யாரோ செய்ததை எந்த நம்பிக்கையில் வாங்குவது என்று தோன்றியது. நான் வேலை பார்ப்பது மல்லாபூரில் ஒரு சிறிய நிறுவனத்தில். இயந்திரங்களில் இருக்கும் உணரிகள் அனுப்பும் சிக்னலை வாங்கி, கணினிக்குப் புரிகிற அளவுக்கு மாற்றிக் கொடுக்கும் கார்டுகளை அங்கே செய்கிறோம். ஒரு இயந்திரம் மைனஸ் பத்து வோல்ட்டிலிருந்து பிளஸ் பத்து வோல்ட் வரை ஆடும். அதைப் படிக்க வேண்டிய சில்லுக்கோ பூஜ்ஜியத்திலிருந்து மூன்று சொச்சம் வோல்ட் வரைதான் கண் தெரியும். அதற்குமேல் கொடுத்தால் செத்துவிடும். கீழே போனாலும் செத்துவிடும். ஆகவே முதலில் ஆட்டத்தைச் சுருக்க வேண்டும். பிறகு முழுவதையும் தூக்கி, பூஜ்ஜியத்துக்கு மேலே நிறுத்த வேண்டும். இந்த இரண்டையும் செய்வது ஆப்-ஆம்ப் என்ற எட்டுக்கால் ஐசி. எவ்வளவு சுருக்குவது, எவ்வளவு தூக்குவது என்பதை அதைச் சுற்றி நாம் வைக்கும் ரெசிஸ்டர்கள் தீர்மானிக்கும். பெருக்கல் ஒன்று, கூட்டல் ஒன்று. படித்த படிப்பெல்லாம் கடைசியில் இந்த இரண்டில்தான் வந்து நிற்கிறது.

எடைக்கருவியில் அதுவே தலைகீழ். எடையை உணரும் அலுமினியக் கட்டை அனுப்பும் சிக்னல் மிகச் சிறியது. பாப்பாவின் முழு எடைக்கும் சில மில்லிவோல்ட்தான். அதைப் பல நூறு மடங்கு பெருக்க வேண்டும். பெருக்கியபின் கொஞ்சம் தூக்கியும் வைக்க வேண்டும். ஏனென்றால் ஆப்-ஆம்ப் சரியாகப் பூஜ்ஜியம் வரை இறங்காது, தரைக்கு ஒரு விரற்கடை மேலேயே நின்றுவிடும். அங்கே சிக்னல் இருந்தால் தெரியாமல் போகும்.

பெருக்கலில் மிகவும் கவனமாக இருந்தேன். விலை அதிகமான துல்லிய ரெசிஸ்டர்கள். உணரிக்குப் போகும் மின்னழுத்தம் ஆடாமல் இருக்கத் தனியாக ஒரு ஐசி. தூக்கி வைப்பதற்கு மட்டும், ஃபோன் சார்ஜரிலிருந்து வரும் ஐந்து வோல்ட்டை இரண்டு சாதாரண ரெசிஸ்டர்களால் பிரித்து எடுத்துக்கொண்டேன். பாப்பா அழ ஆரம்பித்திருந்தாள். கூட்டல்தானே, அது எங்கே போய்விடும் என்று நினைத்தேன். உணரிக் கட்டைமேல் ஒரு பலகையைப் பொருத்தி, அதன்மேல் அவளுடைய பழைய குளியல் தொட்டியை ஒட்டி, தொட்டியும் துண்டும் இருக்கும்போது என் ஃபோன் திரையில் பூஜ்ஜியம் தெரியும்படி புரோகிராம் எழுதினேன். காலித் தொட்டியில் எண் மைனஸ் இரண்டு, மைனஸ் மூன்று கிராம் என்று துள்ளிக்கொண்டிருந்தது. பார்க்கப் பிடிக்கவில்லை. பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால் பூஜ்ஜியம் என்றே காட்டு என்று ஒரு வரி சேர்த்தேன். திரை அமைதியாகிவிட்டது. மருத்துவமனையில் பார்த்த எடையும் இதில் பார்த்த எடையும் பத்து கிராமுக்குள் ஒத்துப்போயின. என் கணவர்கூடத் தலையை ஆட்டினார்.

முதல் சில வாரங்கள் எண் மெதுவாக, மிக மெதுவாக ஏறியது. பிறகுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை.

காரணங்கள் எனக்கு உடனே கிடைத்தன. முந்தைய நாள் காப்பகத்தில் இரண்டு முறை வயிற்றால் போயிருந்தது. கேரட் மசியலைத் துப்பிவிட்டாள் என்று காப்பகத்து அம்மாள் சொல்லியிருந்தார். மேல் ஈறு வீங்கியிருந்தது. ஒவ்வொன்றும் நூற்றைம்பது கிராமில் ஒரு பங்கு என்று மனம் பிரித்துக்கொண்டது. புதன்கிழமை எண்ணூற்று நாற்பது. வியாழக்கிழமை எண்ணூற்று முப்பது. வயிறு சரியாகி, மசியலும் சாப்பிட ஆரம்பித்துவிட்டாள். எண் மட்டும் ஏறவில்லை.

வியாழக்கிழமை காலை கணவரிடம் சொன்னேன். நாங்கள் இருவரும் ஈரோட்டுப் பக்கம். இந்தத் தெலுங்கு ஊருக்கு வந்து நான்கு வருடம் ஆகியும் வீட்டில் அந்தப் பேச்சுதான்.

"ஏனுங்க, சனிக்கிழமை டாக்டர்கிட்ட போறோமல்ல. எடை ஏறலீன்னா நான் வேலைய விட்டர்றேன்."

அவர் ஷூவுக்குள் காலை விட்டபடி நின்றார். "யாரு விடச் சொன்னா?"

"யாரும் சொல்லலீங்க. எனக்கே தெரியுதில்ல."

"ஒனக்கு எப்படித் தெரியுது? அந்தத் தொட்டி சொல்லுதா?"

"தொட்டிய நான் செஞ்சேன். அது பொய் சொல்லாது."

"பாப்பா மூஞ்சியப் பாரு. எளைச்ச புள்ள மாதிரியா இருக்கு? தூக்கினா எனக்குக் கை வலிக்குது."

"நீங்க ஒரு நாளைக்குப் பத்து நிமிசம் தூக்கறீங்க. உங்களுக்கு எல்லாம் வலிக்கும்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலையை விடுவது பெரிய தியாகமாகவும் தோன்றவில்லை, நிம்மதியாகவும் தோன்றவில்லை. அந்த வேலை எனக்குப் பிடிக்கும். கார்டில் மீட்டரின் கூர்முனையை வைத்து, எதிர்பார்த்த வோல்ட் வரும் அந்த நொடி பிடிக்கும். ஆனால் பிடிக்கும் என்பதைப் பாப்பாவின் எடையோடு ஒரே தராசில் வைக்க எனக்கு வெட்கமாக இருந்தது. மாதக் கடைசியில் சொல்வதா, வரும் திங்களே சொல்வதா என்பது வரை யோசித்துவிட்டேன்.

எனக்கு எதிர்மேசையில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு என் வயது. இதே ஊரில், லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். அவள் வீட்டுக்குள் தமிழ், வாசலுக்கு வெளியே தெலுங்கு, கோபம் வந்தால் உருது. தினமும் மதியம் டிபன் டப்பாவைத் திறக்கும்போது அவள் கேட்கும் முதல் கேள்வி பாப்பாவின் எடை. அன்றும் கேட்டாள்.

"இன்னிக்கு எவ்ளோ?"

"எண்ணூத்தி முப்பது."

"நேத்து?"

"எண்ணூத்தி நாப்பது."

"பத்து கிராமுக்கா மூஞ்சி இப்படி இருக்கு? நான் ரெண்டு சமோசா தின்னா அதுக்கு மேல ஏறுது. வேணும்னா உன் பொண்ணுக்குத் தரேன், எடுத்துக்கோ."

"பத்து இல்லடி. திங்கக்கிழமையோட பார்த்தா நூத்தம்பது. திடீர்னு இறங்கிச்சு, அதுக்கப்புறம் ஏறவே இல்ல."

அவள் மென்றுகொண்டே யோசித்தாள். "ஒரே நாள்ல இறங்கி, அப்படியே நின்னுருச்சா?"

"ஹ்ம்."

"அந்த மெஷின செஞ்சது நீ. டெஸ்ட் பண்ணது யாரு?"

"நான்தான்."

"ரீடிங் எடுக்கறது?"

"நான்தான். வேற யாரு வீட்ல?"

"அப்ப டெஸ்ட்டே ஆகல."

எங்கள் நிறுவனத்தில் ஒரு பழக்கம் உண்டு. கார்டைச் செய்தவர் அதைச் சோதிக்கக் கூடாது. ஒருவர் உள்ளே வோல்ட் கொடுப்பார். இன்னொருவர், என்ன கொடுக்கப்பட்டது என்று தெரியாமல், வெளியே வருவதைச் சத்தமாகப் படிப்பார். அதுவும் ஒரே இடத்தில் பார்த்தால் போதாது. கீழ்க்கோடியில் ஒன்று, மேல்கோடியில் ஒன்று. ஒரு புள்ளியில் சரியாக இருக்கும் கார்டு பெருக்கலிலும் தப்பு, கூட்டலிலும் தப்பு என்று இருந்து, இரண்டு தப்பும் சேர்ந்து அந்த ஒரு இடத்தில் மட்டும் சரியாக வந்திருக்கலாம். புதிதாகச் சேர்பவர்களுக்கு இதை நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

"டாக்டர் மெஷினோட செக் பண்ணேனே" என்றேன்.

"ஹவ், ஆமா, பண்ணே. எப்போ? போன மாசம். அதுவும் ஒரே பாயின்ட்ல." அவள் டப்பாவை மூடினாள். "காலியா வெச்சா என்ன காட்டுது?"

"ஜீரோ."

"எப்பவுமா?"

"எப்பவுமே. ஒரு கிராம்கூட ஆடாது."

சொல்லும்போது என் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அவள் என்னையே பார்த்தாள்.

"ஒரு கிராம்கூட ஆடாம நம்ம கார்டு எதாவது நின்னிருக்கா? செத்த கார்டுதான் அப்படி நிக்கும்."

அப்போதுதான் அந்த ஒரு வரி ஞாபகம் வந்தது. பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால் பூஜ்ஜியம் என்றே காட்டு. காலித் தொட்டி மைனஸ் மூன்றில் இருந்தாலும் பூஜ்ஜியம்தான் காட்டும். மைனஸ் நூற்றைம்பதில் இருந்தாலும் அதேதான்.

"கைக்கு டென்ஷன், எதுக்கு? வீட்டுக்குப் போய் ரெண்டு பாக்கெட் வெச்சுப் பாரு. போ, தண்ணியக் குடி" என்றாள்.

மதியத்துக்கு மேல் என்ன வேலை செய்தேன் என்று தெரியாது. நம்பிக்கை வந்ததும் பயம் கூடியது. கருவி சரியாக இருந்து, நான் தப்பிக்க வழி தேடுகிறேனோ? வேலையை விடாமல் இருக்க எனக்கு ஒரு காரணம் வேண்டும், அதனால் கருவியைக் குற்றம் சொல்கிறேனோ? காப்பகத்திலிருந்து பாப்பாவை எடுத்துக்கொண்டு வரும்போது நாச்சாரத்தில் எங்கள் தெருமுனைக் கடையில் ஒரு கிலோ உப்புப் பாக்கெட் வாங்கினேன். வீட்டில் பிரிக்காத துவரம்பருப்பு ஒரு கிலோ இருந்தது.

கணவர் வந்ததும் அவரை ஃபோன் திரையைப் பார்த்தபடி சுவர்ப்பக்கம் திரும்பி உட்காரச் சொன்னேன்.

"நான் என்ன வெக்கறேன்னு பாக்கக் கூடாதுங்க. நம்பர மட்டும் படிங்க."

"இது என்ன, பரிச்சையா?"

"படிங்க."

காலித் தொட்டி. "ஜீரோ" என்றார். உப்பை வைத்தேன். "எண்ணூத்தி அம்பத்தஞ்சு."

 ஒரு கிலோவுக்கு எண்ணூற்று ஐம்பத்தைந்து. பெருக்கல் தப்பு என்றால், ஏழு பங்குக்கு ஒரு பங்கு குறைத்துக் காட்டுகிறது என்றால், பாப்பாவின் உண்மையான எடை எட்டு கிலோ. ஒரு நொடி அந்த எட்டு கிலோவை நம்பினேன். வளர்ச்சி அட்டையில் புள்ளி நடுக்கோட்டில் போய் உட்கார்ந்தது, மருத்துவர் சிரித்தார், எல்லாம் நடந்தது. பிறகு உப்பின் மேல் பருப்பை வைத்தேன்.

"ஆயிரத்தி எண்ணூத்தி அறுவது."

எட்டு கிலோ போய்விட்டது. இரண்டாவது கிலோவை முழுதாக, ஒரு பாக்கெட் உறையின் எடையோடு சேர்த்துச் சரியாகக் காட்டியிருந்தது. பெருக்கலில் தப்பு இல்லை. நான் அலட்சியமாக விட்ட கூட்டல்தான் நூற்றைம்பது கிராம் கீழே இறங்கியிருந்தது. அந்தப் பள்ளத்தை நான் எழுதிய வரியே மூடி வைத்திருந்தது.

"திங்கக்கிழமைக்கும் செவ்வாய்க்கிழமைக்கும் நடுவுல என்ன மாறுச்சு?" என்று கேட்டேன், அவரை அல்ல, பொதுவாக.

அவர் திரும்பி, பலகைக்குக் கீழே போகும் கறுப்பு ஒயரைப் பார்த்தார். "வெள்ளை சார்ஜர நான் ஆபீசுக்கு எடுத்துட்டுப் போயிட்டேன். என்னோடத இங்க சொருகி வெச்சேன். ரெண்டும் ஒண்ணுதான?"

மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். ஒன்றல்ல. நீளமான, மெலிந்த ஒயர் வழியாக ஐந்து வோல்ட் கொஞ்சம் வாடித்தான் வந்து சேர்ந்தது. பெருக்கலுக்கு அது பொருட்டே இல்லை, அதற்குத் தனிக் காவல் போட்டிருந்தேன். கூட்டல் அந்தச் சார்ஜரை நம்பியே இருந்தது.

"அப்ப என் சார்ஜரால பாப்பா எளைச்சுட்டாளா?" என்றார்.

"சிரிக்காதீங்க."

"சிரிக்கல. காலைல வேலைய விடப் போன, இப்ப என் சார்ஜர விடச் சொல்லுவ. அதுக்குச் சொல்றேன்."

அன்று நான் நிம்மதியாகத் தூங்கியிருக்க வேண்டும். ஆனால் கணக்கு இன்னும் முடியவில்லை. செவ்வாய் முதல் வியாழன் வரை நூற்றைம்பதைக் கூட்டினால் ஆறு கிலோ தொள்ளாயிரத்து எண்பது, தொண்ணூறு. இறங்கவில்லை, சரி. ஆனால் ஏறியதா? அதற்கு முன் வாரங்களில் வெள்ளை சார்ஜர் எப்போதும் அங்கேதான் இருந்ததா? ஃபோனுக்கு அதைக் கழற்றி வேறொன்றைச் செருகிய நாள்கள் இருக்குமே? மெதுவாக ஏறியது என்று நான் பார்த்ததெல்லாம் பாப்பா வளர்ந்ததா, வோல்ட் வளர்ந்ததா? ஒவ்வொரு காலையும் அவளை வெறும் உடம்போடு தொட்டியில் உட்கார வைத்து வாங்கிய எண்கள் எதையும் இப்போது என்னால் நம்ப முடியவில்லை. மருத்துவமனையில் பார்த்த அந்த ஒரு எண் மட்டும்தான் மிச்சம். அதுவும் ஒரே புள்ளி.

வெள்ளிக்கிழமை காலை எடை பார்க்கவில்லை. தொட்டியைப் பார்க்காமல் குளிப்பாட்டுவது ஏதோ சாப்பிட மறந்ததைப் போல இருந்தது.

சனிக்கிழமை மருத்துவமனைக்குக் கிளம்பும்போது டயப்பர், மாற்றுத்துணி, வெந்நீர் ஃபிளாஸ்க் இவற்றோடு உப்புப் பாக்கெட்டையும் பையில் வைத்தேன். கணவர் பார்த்தார். வண்டியை எடுக்கும்போது, "பருப்பு வேண்டாமா?" என்றார். யோசித்துவிட்டு, அதையும் எடுத்துக்கொண்டேன்.

எடை பார்க்கும் நர்ஸ் துணியை விரித்து, பொத்தானை அழுத்திப் பூஜ்ஜியமாக்கி, குழந்தைக்காகக் கையை நீட்டினார். நான் உப்பைக் கொடுத்தேன்.

அவர் பாக்கெட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "உப்புக்கு கூட டீகா வெய்யாலா அம்மா?" என்றார். உப்புக்கும் தடுப்பூசி போட வேண்டுமா என்கிறார். வரிசையில் நின்ற இரண்டு பெண்கள் சிரித்தார்கள். கணவர் சுவரில் இருந்த தாய்ப்பால் போஸ்டரை மிகவும் கவனமாகப் படிக்க ஆரம்பித்தார்.

"ஒக்கசாரி, ப்ளீஸ்" என்றேன். ஒரே ஒரு தடவை.

ஒன்று, பிறகு பூஜ்ஜியம் பூஜ்ஜியம் ஐந்து. பருப்பையும் வைத்தேன். இரண்டு, பிறகு பூஜ்ஜியம் ஒன்று பூஜ்ஜியம். எடுத்ததும் திரை பூஜ்ஜியத்துக்கு வந்தது. அது மைனஸ் காட்டக் கூடிய கருவியா என்று கேட்க வாயெடுத்தேன். நர்ஸின் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

பாப்பாவை உட்கார வைத்ததும் அவள் திரும்பி என்னிடம் வரக் கையைத் தூக்கினாள். எண்கள் ஆடின. அவள் அழ, எண்கள் இன்னும் ஆடின. நர்ஸ் சாவிக்கொத்தை ஆட்டிக் காட்டினார். ஒரு நொடி அமைதி. ஏழு கிலோ நூற்றுப் பத்து.

மருத்துவர் அட்டையில் புள்ளி வைத்தார். இந்த முறை பேனாவை உடனே எடுத்துவிட்டார். "ஸ்லோதான். ஆனா அவ கோட்டுலயே போறா, அதுதான் முக்கியம். டெஸ்ட் ஒண்ணும் வேண்டாம்." பிறகு, நர்ஸ் சொல்லியிருப்பார் போல, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "வீட்ல தினமும் எடை பாக்கறீங்களா?"

"பார்த்தேன். இப்ப நிறுத்திட்டேன்."

"நல்லது. மாசத்துக்கு ஒரு தடவை போதும், இங்கயே."

"ஃபீடிங் பத்திப் பேசலாம்னு போன தடவை சொன்னீங்க."

"நெய் கொஞ்சம் சேர்த்துக் கொடுங்க. வேற என்ன?"

அவ்வளவுதான். ஒரு மாதமாக நான் அஞ்சிய பேச்சு ஒரு ஸ்பூன் நெய்யில் முடிந்துவிட்டது. வெளியே வந்து பாப்பாவுக்குச் சட்டை மாட்டும்போது, கேட்டிருக்கலாமோ என்று தோன்றியது. வேலைக்குப் போவது பற்றி நேராகவே கேட்டிருக்கலாம். அவரும் ஏதாவது சொல்லியிருப்பார். திரும்பிப் போய்க் கேட்பதா என்று கதவுவரை போனேன். உள்ளே அடுத்த குழந்தை அழுதுகொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலை, நெய் விட்டுப் பருப்புச் சாதம் குழைத்துக் காப்பகத்து டப்பாவில் போட்டேன். எங்கள் டிபனுக்கு உப்பு எடுக்கப் போனால் ஜாடி காலி. மேல் தட்டில், பாப்பாவின் பவுடருக்குப் பக்கத்தில், அந்தப் பாக்கெட் பிரிக்கப்படாமல் இருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. எடுத்துக் கையில் ஏந்திப் பார்த்தேன். கத்தரிக்கோலால் மூலையை வெட்டி ஜாடியில் கொட்டினேன்.

அடுத்த மாதப் பரிசோதனைக்கு வேறொன்று வாங்கிக்கொள்ளலாம்.